எண்டோமெட்ரியோசிஸ்: ஹார்மோனுக்குப் பதிலாக ஆன்டி-ஆக்ஸிடன்டும் மூலிகையும் போதுமா? நீலகிரிப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் என்று எங்கே போனாலும் இந்த நோய் உள்ள பெண்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். "ஹார்மோன் மாத்திரை ஒத்துக்கல, வேற வழி இருக்கா?" என்று ஆரம்பித்து மஞ்சள், க்ரீன் டீ, நெல்லிக்காய், தைலம் என்று பேச்சு நீளும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, அளவும் ஆதாரமும் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். ஒரு இடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. எண்டோமெட்ரியோசிஸ்னா கர்ப்பப்பையில கட்டிங்களா?

இல்லை. கர்ப்பப்பையின் உள்ளே மாதாமாதம் வளர்ந்து உதிரும் ஒரு படலம் உண்டு. அதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை மேல் வரலாம், அடிவயிற்றின் உள்தோலில் வரலாம், கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலோ சிறுநீர்ப்பை மேலோ வரலாம். மாதவிடாய் நாளில் அதுவும் கசியும். ஆனால் அந்த ரத்தம் வெளியேற வழியில்லை. அங்கேயே தேங்கி, புண்ணாகி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். சினைப்பைக்குள் தேங்கிக் கறுத்துப்போன ரத்தம்தான் சாக்லேட் கட்டி. நிறத்தை வைத்து வந்த பெயர் அது. சாக்லேட் தின்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நார்க்கட்டி வேறு, பிசிஓடி வேறு. சாதாரண ஸ்கேன் நார்மல் என்று வந்ததாலேயே இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. உள்தோலில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் ஸ்கேனில் தெரியாது.

2. இதுல ஆன்டி-ஆக்ஸிடன்ட் எங்கிருந்து வந்துச்சு?

தேங்கிய ரத்தத்திலிருந்துதான். மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி அடிவயிற்றுக்குள் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1927-லேயே இதை இந்த நோயோடு சேர்த்துப் பேசினார். அந்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும்போது இரும்பு வெளிப்படுகிறது. ஈரத்தில் கிடக்கும் கவ்வாத்துக் கத்தி துருவேறுவது போல, அந்த இரும்பு சுற்றியுள்ள செல்களில் ஆக்ஸிஜன் சார்ந்த சேதத்தைக் கிளப்புகிறது. சேதம் அழற்சியாகிறது, அழற்சி வலியாகவும் ஒட்டுதலாகவும் மாறுகிறது. இந்தச் சங்கிலியை நடுவில் எங்காவது அறுக்க முடியுமா என்ற யோசனையில்தான் வைட்டமின் சி, ஈ, என்ஏசி (சளி இளக்கத் தரும் மருந்து), மஞ்சள் எல்லாம் சோதனைக்கு வந்தன.

ஆனால் நோய்க்கு இன்னொரு காலும் இருக்கிறது. இந்தத் திசு தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதை அடக்க வேண்டிய புரோஜெஸ்டிரோனுக்குச் சரியாகக் கட்டுப்படாது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் முதல் காலைத் தொடும். இரண்டாவதைத் தொடுமா என்பதுதான் நான்காம் கேள்வி.

3. ஹார்மோன் மாத்திரை எதுக்குங்க? அதைப் போட்டா பின்னால குழந்தை நிக்காதுன்னு சொல்றாங்களே?

திசுவுக்குப் போகும் ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலைக் குறைத்து, கசிவை நிறுத்தி வைக்கத்தான். இப்போது அதிகம் எழுதித் தருவது டைனோஜெஸ்ட் 2 மி.கி., தினம் ஒன்று, இடைவெளி விடாமல். கருத்தடை மாத்திரை, ஹார்மோன் சுரக்கும் லூப், மாதம் ஒரு லூப்ரோலைட் ஊசி ஆகியவையும் உண்டு. டைனோஜெஸ்ட் போட்ட முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக ரத்தம் படுவது சகஜம். பெரும்பாலோர் மாத்திரையை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அதைத் தாண்டினால் பலருக்குப் போக்கு நின்றுவிடும். தலைவலி, மார்பு கனம், மனச்சோர்வு வரலாம். மனச்சோர்வைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும்.

மாத்திரையை நிறுத்தினால் சினைமுட்டை வெளியாவது திரும்பிவிடும். மலடாக்கும் என்பது தவறான பேச்சு. அதே சமயம், நிறுத்தினால் வலியும் பலருக்குத் திரும்பும். இது நோயை வேரோடு எடுக்கும் மருந்து இல்லை, அடக்கி வைக்கும் மருந்து.

4. சரி, ஹார்மோனை விட்டுட்டு ஆன்டி-ஆக்ஸிடன்ட் மட்டும் எடுத்தா போதுமா?

வலி மட்டும்தான் தொல்லை, கட்டி இல்லை, குடலிலோ சிறுநீர்க்குழாயிலோ நோய் இல்லை என்று பார்த்துச் சொல்லியிருந்தால், மருத்துவருக்குத் தெரிந்தே சில மாதம் முயன்று பார்க்கலாம். அதில் தவறில்லை. கட்டி இருந்தால், ஆழமான நோய் இருந்தால், அறுவை முடிந்து திரும்ப வராமல் தடுக்கத்தான் மாத்திரை என்றால், போதாது. சாக்லேட் கட்டியை எடுத்த பிறகு ஒன்றும் எடுக்காமல் விட்டால் 2 ஆண்டில் ஐந்தில் ஒருவருக்கும், 5 ஆண்டில் ஏறத்தாழ பாதிப்பேருக்கும் நோய் திரும்புவதாகக் கணக்கு. அந்தத் திரும்பலைத் தடுத்ததாக எந்த வைட்டமினுக்கும் மூலிகைக்கும் உறுதியான சோதனை கிடையாது.

ஐரோப்பிய மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டியும் உணவு, மூலிகை, துணைச்சத்து எதையும் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. ஹார்மோன் எடுக்கவே முடியாத நிலையும் சிலருக்கு உண்டு: மார்பகப் புற்று வந்தவர்கள், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், குழந்தைக்கு முயல்பவர்கள். அவர்களுக்குக் கீழே சொல்பவை கூடுதல் பயன் தரும். ஆனால் எந்த ஹார்மோன் ஆகாது என்று பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரை ஆகாத எல்லோருக்கும் டைனோஜெஸ்டும் ஆகாது என்று நினைக்க வேண்டாம்.

5. வைட்டமின் சி, ஈ ரெண்டும் சேர்த்து எடுக்கச் சொல்றாங்க. எவ்வளவு, எத்தனை நாள்?

இருப்பதற்குள் கொஞ்சம் பலமான ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2013-இல் வந்த ஆய்வில் 59 பெண்கள். வைட்டமின் ஈ 1200 யூனிட், சி 1000 மி.கி., 8 வாரம். எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு அன்றாட வலி குறைந்தது, வெற்று மாத்திரை (ஒப்பிட்டுப் பார்க்கத் தரும், மருந்தே இல்லாத மாத்திரை) எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. ஈரானில் 2021-இல் 60 பெண்களிடம் ஈ 800 யூனிட், சி 1000 மி.கி., அதே 8 வாரம். அங்கும் மாதவிடாய் வலி, உறவின்போது வரும் வலி இரண்டும் இறங்கின. இரண்டுமே சின்ன ஆய்வுகள். 8 வாரத்துக்கு அப்பால் என்ன ஆகும் என்று அவை பார்க்கவில்லை.

நடைமுறைக்கு வந்தால்: சி 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று. ஈ, மருந்துக்கடையில் கிடைக்கும் 400 கேப்சூல் காலை ஒன்று, இரவு ஒன்று. ஈ கொழுப்பில் கரைவது. வெறும் வயிற்றில் போட்டால் வீணாகும், சாப்பாட்டோடு போட வேண்டும். 8 வாரம் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் சி 1000 மி.கி. எடுக்கக் கூடாது, அது உடலில் ஆக்ஸலேட்டாக மாறிக் கல்லுக்கு எருவாகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஈ பக்கமே போகக் கூடாது. அறுவைக்குத் தேதி குறித்துவிட்டால் 2 வாரம் முன்பே ஈ-யை நிறுத்திவிட வேண்டும்.

6. அதை நெல்லிக்காய், பாதாம், பட்டர் ஃப்ரூட்லயே எடுத்துக்கலாமில்ல?

சி-யை எடுக்கலாம். 100 கிராம் நெல்லிக்காயில் 200 மி.கி.க்கு மேல், கொய்யாவிலும் அதே அளவுக்கு இருக்கிறது. தினம் ஒரு நெல்லி, ஒரு கொய்யா என்றால் உடலின் அன்றாடத் தேவைக்குப் பல மடங்கு. ஆய்வில் கொடுத்த 1000 மி.கி. வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 400 கிராம் நெல்லி தின்ன வேண்டும். நெல்லியைச் சர்க்கரைப்பாகில் வேகவைத்துத் தேன்நெல்லி ஆக்கினால் சி-யில் ஒரு பங்கு போய்விடும்.

ஈ விஷயம் வேறு. 800 யூனிட்டைப் பாதாமில் எட்டத் தினம் 2 கிலோ தின்றாக வேண்டும். பட்டர் ஃப்ரூட்டில் பாதாமைவிட இன்னும் குறைவு. ஆகவே உணவில் எடுப்பது உணவாக நல்லது, ஆய்வில் கொடுத்த அளவு மருந்தளவு. இந்த வித்தியாசம் மஞ்சளிலும் டீயிலும் திரும்ப வரும்.

7. என்ஏசி சாப்பிட்டா சாக்லேட் கட்டி கரையுமாமே?

கரைக்கும் என்று சொல்லிவிட முடியாது. ரோமில் 2013-இல் 92 பெண்களைப் பார்த்தார்கள். 600 மி.கி. தினம் மூன்று வேளை, வாரத்தில் தொடர்ந்து 3 நாள் மட்டும், 3 மாதம். எடுத்தவர்களின் கட்டி சராசரியாக 1.5 மி.மீ. சுருங்கியது, எடுக்காதவர்களுக்கு 6.6 மி.மீ. வளர்ந்தது. எடுத்தவர்களில் 24 பேர் குறித்திருந்த அறுவையை ரத்து செய்தார்கள். ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. வெற்று மாத்திரையும் கொடுக்கவில்லை. 1.5 மி.மீ. என்பது ஸ்கேன் எடுப்பவர் கை மாறினாலே வரக்கூடிய வித்தியாசம்.

சளி இளக்கத் தரும் அதே மருந்துதான் இது. தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையாகக் கிடைக்கிறது. போட்டதும் முட்டை வாடை அடிக்கும், கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். நுரைக்கும் மாத்திரையில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேப்சூலாகக் கேட்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களும், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது. கட்டி 4 செ.மீ.க்கு மேல் இருந்தால் 3 மாதம் கழித்து, முடிந்தவரை அதே இடத்தில் மறு ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் இதைத் தொடர வேண்டாம்.

8. மஞ்சள் பால் தினமும் குடிக்கிறேன். கேப்சூல் எடுத்தா இன்னும் நல்லதா?

ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் 100 மி.கி. அளவுக்குத்தான் இருக்கும். அதிலும் குடல் உறிஞ்சுவது கொஞ்சம். மஞ்சள் பால் இதமான பானம். பால் ஒத்துக்கொண்டால் குடியுங்கள்.

கேப்சூலில் குர்குமின் 500 மி.கி. வரும். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களிலும் எலியிலும் நன்றாக வேலை செய்தது. பெண்களிடம் 500 மி.கி. தினம் இருவேளை 8 வாரம் கொடுத்துப் பார்த்த 2024 சோதனையில் வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ராலுக்கும் இதே கதைதான். 2017-இல் 44 பெண்களிடம் 40 மி.கி. கொடுத்து, பயனில்லை என்று முடிந்தது. இதோடு மஞ்சள் கேப்சூல்களில் மிளகுச் சத்தைச் சேர்த்து உறிஞ்சலைக் கூட்டுகிறார்கள். அப்படிப்பட்டவற்றால் கல்லீரல் வீங்கியவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றைக்கே நிறுத்துங்கள். இந்த நோய்க்காக மஞ்சள் கேப்சூல் வாங்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

9. நம்ம மலை டீதானே, க்ரீன் டீ குடிச்சா சரியாகுமா?

க்ரீன் டீயில் உள்ள இஜிசிஜி என்ற சத்து எலிகளில் இந்தத் திசுவுக்கு வரும் புது ரத்தக்குழாய்களைக் குறைத்தது. அதை வைத்துத்தான் பேச்சு. ஒரு கப்பில் 50 முதல் 100 மி.கி. வரை இருக்கும். இரண்டு மூன்று கப் குடிப்பதில் கெடுதல் இல்லை, நோய் அடங்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். மாத்திரையாக விற்கும் க்ரீன் டீ சாறு வேண்டவே வேண்டாம். தினம் 800 மி.கி.க்கு மேல் இஜிசிஜி போனால் கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

மலையில் இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று. இங்கே சாப்பாட்டோடு டீ, சாப்பாடு முடிந்ததும் டீ. க்ரீன் டீயானாலும் பால் டீயானாலும் அதிலுள்ள டானின் கீரை, ராகி, பருப்பில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறிஞ்சல் பாதிக்கும் கீழே போகும். மாதம் 7, 8 நாள் போக்கு உள்ள பெண்ணுக்கு இது பெரிய இழப்பு. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவது மாத்திரையைத் தோட்டத்தில் வீசுவது மாதிரி. எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள்.

10. எனக்கு ஹீமோகுளோபின் 12.4, ரிப்போர்ட்ல நார்மல்னு இருக்கு. அப்புறம் ஏன் இவ்வளவு களைப்பு?

நோயே களைப்பைத் தரும். ஆனால் அந்த 'நார்மல்' சமவெளிக்கு உரியது. உயரத்தில் காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. ஈடுகட்ட உடல் ஹீமோகுளோபினைக் கூட்டி வைத்துக்கொள்ளும். கர்ப்பமில்லாத பெண்ணுக்குச் சமவெளியில் 12-க்குக் கீழே ரத்தசோகை. ஊட்டி 2,240 மீட்டர். இந்த உயரத்தில் வாழ்பவர்களுக்கு அந்த எல்லையைச் சுமார் 1 கிராமோ அதற்குச் சற்று மேலோ உயர்த்திப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் 12.4 ரத்தசோகைக் கணக்கில் விழும். கோடைக்கானலுக்கும் இதே கணக்குதான். கோவையில் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தாலும், எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடவே ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். 15-க்குக் கீழே என்றால் இரும்புக் கையிருப்பு காலி.

11. இரும்புதான் சேதம் பண்ணுதுன்னு ரெண்டாவது பதில்ல சொன்னீங்க. அப்ப இரும்பு மாத்திரை நோயைக் கூட்டாதா?

நல்ல கேள்வி. சேதம் செய்வது அடிவயிற்றில் தேங்கிய ரத்தத்திலிருந்து அங்கேயே கசியும் இரும்பு. வாய்வழி போகும் இரும்பு குடலில் உறிஞ்சப்பட்டு, புரதத்தோடு பிணைந்து, எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது. ரத்தசோகையோடு மாத்திரையை ஒதுக்கினால் களைப்பும் மூச்சிரைப்பும்தான் மிஞ்சும். குறைபாடு இல்லாமலே 'சத்துக்கு' என்று மாதக்கணக்கில் எடுப்பது மட்டும் வேண்டாம்.

12. மலைப்பூண்டு தினம் நாலு பல் பச்சையா தின்னச் சொன்னாங்க. எனக்கு வயிறு பலூன் மாதிரி ஆயிடுது.

உங்களுக்கு அது ஒத்துக்கவில்லை, நிறுத்திவிடுங்கள். மலைப்பூண்டு மணத்துக்கும் காரத்துக்கும் பேர்போனது. கோடைக்கானல் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அது எண்டோமெட்ரியோசிஸைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தைக் குடல் செரிக்காது. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்கும். இந்த நோய் உள்ளவர்களின் குடல் நரம்புகள் சின்ன உப்புசத்தையும் பெரிய வலியாகச் சொல்லும்.

குடலில் அப்படிப் புளிக்கும் உணவுகளை 28 நாள் ஒதுக்கிப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2025-இல் வந்தது. குடல் தொல்லை குறைந்தவர்கள் 60 சதவீதம்; ஒப்பிட்டுப் பார்த்த மற்ற உணவுமுறையில் 26 சதவீதம். மலையில் இதைச் செய்வது எளிது: அரிசி, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் தாராளமாகச் சாப்பிடலாம். ஒதுக்க வேண்டியது பூண்டு, வெங்காயம், கோதுமை, ராஜ்மா, பால், அத்துடன் சீசனில் கூடை கூடையாக வரும் பேரிக்காய், ப்ளம்ஸ், பீச். பூண்டு மணம் வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பல்லை எடுத்து வேறு யாருக்காவது வைத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். ரசத்தில் தட்டிப் போட்டு எடுப்பது உதவாது, ஃப்ரக்டான் சாற்றில் இறங்கிவிடும். 28 நாள் முடிந்ததும் 3 நாளைக்கு ஒரு பொருளாகத் திரும்பச் சேர்த்து, எது ஆகவில்லை என்று கண்டுபிடியுங்கள். ஆயுளுக்கும் ஒதுக்குவதற்கான உணவுமுறை இல்லை இது.

13. இஞ்சி, வெந்தயம் மாதிரி வீட்டு வைத்தியம்?

மாதவிடாய் வலிக்கு இஞ்சி உதவுகிறது. சுக்குப்பொடி தினம் 750 மி.கி. முதல் 2 கிராம் வரை, முதல் 3 நாள், பல சோதனைகளில் பலன் தந்திருக்கிறது. ஆனால் அவை நோயில்லாத சாதாரண மாதவிடாய் வலிக்கானவை. உங்களுக்கும் கொஞ்சம் தணியலாம். ஒரு டீஸ்பூனில் பாதி சுக்குப்பொடி சுமார் 1 கிராம், அதுவே ஒரு நாளுக்குப் போதும். நெஞ்செரிச்சல் வந்தால் விட்டுவிடுங்கள். வெந்தயத்துக்கும் இதே நிலைதான். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கிப்போகலாம், கவனம்.

14. யூகலிப்டஸ் தைலம், விண்டர்கிரீன் எண்ணெய் அடிவயித்துல தடவலாமா? ரெண்டு சொட்டு குடிச்சா உள்ளுக்கும் நல்லதுன்னாங்க.

குடிக்கவே கூடாது. இரண்டும் உள்ளே போனால் விஷம். விண்டர்கிரீன் எண்ணெய் 5 மில்லியில் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடான சாலிசிலேட் இருக்கிறது; ஒரு டீஸ்பூன் ஒரு குழந்தையைக் கொன்றுவிடும். குழந்தை உள்ள வீட்டில் பாட்டிலைப் பூட்டி வையுங்கள்.

தடவுவதென்றால் 5, 6 சொட்டை ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காயெண்ணெயில் கலந்து இடுப்பின் பின்புறம் தடவலாம். தடவிய இடத்தில் ஹாட் வாட்டர் பேக் வைக்காதீர்கள். சூட்டில் தோல் மிக அதிகமாக உறிஞ்சும், வெந்தும் போகும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற மாதத்திலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கும்போதும், ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தாலும் விண்டர்கிரீன் வேண்டாம்.

உண்மையில் வேலை செய்வது சூடுதான். 39, 40 டிகிரியில் பல மணி நேரம் தொடர்ந்து வைக்கும் சூட்டுப்பட்டை மாதவிடாய் வலிக்கு இபுப்ரோஃபென் அளவுக்கு உதவுவதாகச் சோதித்திருக்கிறார்கள். மலைக்குளிருக்கு பேக்கில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, அதை நேரடியாக வயிற்றில் வைப்பதால்தான் பலருக்கு அடிவயிற்றில் வலைபோட்ட மாதிரிப் பழுப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன. துணி சுற்றி, கையில் பிடிக்கும் சூட்டில், 20 நிமிடம் வைத்து எடுங்கள்.

15. மீன் எண்ணெய், வைட்டமின் டி, தூக்க மாத்திரை மெலடோனின்?

அமெரிக்காவில் 12 முதல் 25 வயதுப் பெண்களுக்கு 6 மாதம் வைட்டமின் டி 2000 யூனிட், மீன் எண்ணெய் 1000 மி.கி., வெற்று மாத்திரை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். டி எடுத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. மீன் எண்ணெயில் பாதிதான். 'எனக்கு இது கேட்டுச்சு' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது அந்த மாத்திரையால்தான் என்று ஆகாது. மேகமும் ஸ்வெட்டருமாக இருக்கும் ஊரில் வைட்டமின் டி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. குறைந்திருந்தால் எலும்புக்காக எடுங்கள், டைனோஜெஸ்டோ ஊசியோ போடுபவர்கள் கட்டாயம் பாருங்கள்.

மெலடோனின் 10 மி.கி. பிரேசிலில் 2013-இல் வலியைக் குறைத்தது. ஸ்வீடனில் 2023-இல் 20 மி.கி. கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் மப்பு இருக்கும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்கள் யோசிக்க வேண்டும்.

16. சோயா, தண்ணீர்விட்டான் கிழங்கு, வைத்தியர் கொடுத்த வேர், செந்தூரம்... இதெல்லாம் மாத்திரையோட சேர்த்து எடுக்கலாமா?

சமையலில் சோயா பிரச்சினையில்லை. சோயா ஐசோஃப்ளேவோன் மாத்திரை ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடக்கும், அதை விட்டுவிடுங்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு பால் சுரக்கத் தருவது. இந்த நோய்க்கு அதன் அளவும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை.

வேருக்கு ஒரே நிபந்தனை: அது என்ன செடி என்று பெயர் தெரிய வேண்டும். பெயர் சொல்லாத பொடியை எந்த மருத்துவராலும் உங்கள் மாத்திரையோடு பொருத்திப் பார்க்க முடியாது. மலைவேம்புச் சாறு என்று குடிப்பவர்கள் கவனியுங்கள்: அதே சாயலில் வேலியோரம் வளர்க்கும் இன்னொரு வேம்பு வகையின் காய் நச்சு. இலையை மட்டும் பார்த்துப் பறித்தால் மாறிப்போகும். பஸ்பம், செந்தூரத்தில் பாதரசம், ஈயம் போன்ற உலோகம் இருக்கலாம். குழந்தைக்கு முயலும் காலத்தில் கட்டாயம் தவிர்க்க வேண்டியது இது. மனச்சோர்வுக்கு என்று இணையத்தில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ஹார்மோன் மாத்திரையைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்து அதன் பலனையே எடுத்துவிடும்.

17. எங்க குடும்பத்துல சிக்கிள் செல் இருக்கு. எனக்கு எது ஆகும்?

சிக்கிள் செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இது அதிகம் என்பதால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. முதலில் உங்களுக்கு நோயா, வெறும் கடத்தியா (நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவரா) என்று பரிசோதித்து உறுதி செய்யுங்கள். நோய் என்றால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ரத்த உறைவு அபாயத்தைக் கூட்டும், அதை எழுதித் தந்தால் சிக்கிள் செல் பற்றிச் சொல்லுங்கள். புரோஜெஸ்டின் மட்டும் உள்ளவை பற்றிப் பேசலாம். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு மாத்திரை வேண்டாம், ரத்தம் ஏற்றியவர்களுக்கு இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கலாம். மெஃபனமிக், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் சுமை. வயிற்றுவலி வந்தால் அது மாதவிடாய் வலியா, சிக்கிள் வலியா என்பதையும் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

18. எடுக்கிறது கேக்குதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நினைவை நம்பாதீர்கள், 15-ஆம் பதிலில் சொன்ன வெற்று மாத்திரை அதற்குச் சாட்சி. சுவர்க் காலண்டர் போதும். தினம் இரவு அந்தத் தேதிக் கட்டத்தில் மூன்று எழுதுங்கள்: வலி 0 முதல் 10-க்குள் எத்தனை, வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள், வேலைக்குப் போனீர்களா. '7 / 3 / இல்லை' என்று எழுதினால் முடிந்தது. ஒன்றும் தொடங்காமல் 2 மாதவிடாய் முழுதும் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு பொருளைத் தொடங்கி இன்னும் 2, 3 மாதவிடாய். வலி எண் 2 புள்ளியாவது இறங்க வேண்டும், அல்லது மாத்திரை எண்ணிக்கை பாதியாக வேண்டும். இல்லையென்றால் அதை விட்டுவிட்டு அடுத்தது. நெல்லி, மஞ்சள், என்ஏசி, பூண்டு நான்கையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வலி மாத்திரையையும் சரியாகப் போட வேண்டும். வலி உச்சிக்கு ஏறிய பிறகு போட்டால் கேட்காது. போக்கு தொடங்கும் அறிகுறி தெரிந்ததும், வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு, சொன்ன இடைவெளியில் எடுங்கள். மெஃபனமிக் அமிலம் எடுத்தவர்களில் சிலருக்குக் காய்ச்சலும் உடல் முழுக்கத் தடிப்புமாக கடும் ஒவ்வாமை வந்ததால் 2023-இல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விட்டது. தடிப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

19. குழந்தைக்கு முயற்சி பண்றேன். இதையெல்லாம் தொடரலாமா?

ஹார்மோன் மாத்திரை அந்த நேரத்தில் உதவாது, சினைமுட்டையையே நிறுத்திவிடும். உணவுகள் எல்லாம் தொடரலாம். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் கட்டாயம். அதிக அளவு வைட்டமின் ஈ, மஞ்சள் கேப்சூல், க்ரீன் டீ சாறு, செந்தூரம், விண்டர்கிரீன் வேண்டாம். என்ஏசி மருத்துவர் சொன்னால் மட்டும். வயது 35-ஐத் தாண்டியிருந்தால் '6 மாதம் இயற்கையாப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடாதீர்கள். கட்டி வளர்ந்தாலும் கட்டியை அறுத்தாலும் சினைமுட்டைக் கையிருப்பு குறையும். அந்தக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்எச் பரிசோதனை செய்துகொண்டு திட்டமிடுங்கள்.

20. எப்ப இதையெல்லாம் விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

ஒரு பக்கமாகத் திடீரென்று வெட்டும் வலியும் வாந்தியும் வந்தால். சாக்லேட் கட்டி இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால். நாள் தள்ளிப்போய் வலியும் மயக்கமும் வந்தால். மணிக்கு ஒரு பேட் நனைந்து இரண்டு மணி நேரம் தாண்டினால், 108-ஐக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடும் ஊர் இது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சத்தமில்லாமல் வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. நோய் சிறுநீர்க்குழாயை இறுக்கினால் வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கி வீணாகும். மாதவிடாய் நாளில் சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், விலாவில் மந்தமான வலி இருந்தால் சொல்லுங்கள். ஹார்மோன் எடுக்காமல் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் எடுக்கும்போது 'சிறுநீரகத்தையும் பாருங்கள்' என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

21. டாக்டர்கிட்ட மூலிகை எடுக்கறேன்னு சொன்னா திட்டுவாங்களே?

சொல்லாமல் அறுவை மேசையில் ரத்தம் நிற்காமல் போவதைவிடத் திட்டு மேல். வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், பூண்டு, இஞ்சி, மஞ்சள் கேப்சூல் எல்லாமே ரத்தம் உறைவதைக் கொஞ்சம் கொஞ்சம் தாமதப்படுத்தும், சேர்ந்தால் கூடுதலாக. கோவைக்கு இறங்கி ஒரு நாள் கூலியைவிட்டுப் பார்க்கப் போகிறீர்கள், ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். எடுக்கும் எல்லா அட்டை, டப்பா, பொடிப் பொட்டலத்தையும் பெயர் தெரியும்படி போனில் படமெடுத்துக் கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும், 18-இல் சொன்ன காலண்டர் தாள்களைக் கிழித்தும் ஒரே கவரில் போடுங்கள். உள்ளே போனதும், "ஹார்மோன் வேண்டாம்" என்று ஆரம்பிக்காமல், "இந்த மாத்திரையில எனக்கு இந்தத் தொந்தரவு வருது, அளவு மாத்தலாமா, வேற மாத்தலாமா, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தா எப்ப மறு ஸ்கேன்?" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். மறு ஸ்கேன் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.